பால் வாளியும் தகட்டின் குணமும்: ரப்பர்த் தோட்டத்து அலுமினியம் பற்றிய ஓர் ஆய்வு

1. கேள்வி

நெகிரி செம்பிலானில், சிரம்பானுக்கும் நீலாய்க்கும் இடையே ரயில் பாதையை ஒட்டிக் கிடக்கிறது லாபு. பல பிரிவுகளாகப் பரந்த லாபு தோட்டமும் அதன் அருகே கெர்பி தோட்டமும் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களில் இன்றும் வாழ்கின்றன. வட்டாரத்தின் நிலம் பெரும்பாலும் செம்பனைக்கு மாறிவிட்டது. பால்மரம் வெட்டிய காலத்தில் இத்தகைய தோட்டங்களின் அன்றாட வேலை சில பாத்திரங்களைச் சுற்றியே நடந்தது: மரத்தில் பால் வடியும் மங்கு, தோளில் சுமக்கும் காண்டாக் கம்பின் இரு முனையிலும் தொங்கிய வாளிகள், பாலைப் பதப்படுத்தும் ஸ்டோரில் அதை உறைய வைத்த தட்டுகளும் தொட்டிகளும், தொட்டிக்குள் வரிசையாகச் செருகிய தடுப்புத் தகடுகள். மங்குக்குக் கண்ணாடியும் பீங்கானும் மெருகிட்ட மண்ணும் போட்டியிட்டன. உறைதட்டு, தடுப்புத் தகடு, நல்ல வாளி ஆகியவற்றில் அலுமினியமே முன்னுக்கு வந்தது. பின்னாளில் வாளியிடத்தைப் பிளாஸ்டிக் பிடித்துக்கொண்டது.

மலேசியத் தோட்டத் தமிழரின் வாழ்வைப் பற்றிக் கதையும் வரலாறும் நிறைய எழுதப்பட்டுள்ளன. அந்த வாழ்வு கையாண்ட உலோகத்தைப் பற்றிய எழுத்து மிகக் குறைவு. பால் வெட்டியவரின் தோளில் இருபது முப்பது ஆண்டுகள் தொங்கிய பொருளின் குணம் ஒரு தொழில்நுட்பத் துணுக்காக ஒதுங்கிவிடக் கூடாது என்பதால் இக்கட்டுரை ஒரே கேள்வியை எடுத்துக்கொள்கிறது. ரப்பர்த் தோட்டத்தில் அலுமினியத் தகடு இடம்பிடித்தது அது இலேசானது என்பதாலா? இல்லையென்றால் அதன் எந்தக் குணம் அந்த இடத்தைப் பெற்றுத் தந்தது?

2. நிலவும் இரண்டு பார்வைகள்

முதலாவது, வீட்டுப் பார்வை. பித்தளையும் வெண்கலமும் சீர்வரிசைக்கு உரியவை. அலுமினியம் ஏழைவீட்டு உலோகம். தட்டினால் நெளியும், விற்றால் விலை போகாது. இந்த மதிப்பீட்டில் ஓர் உண்மை அடங்கியிருக்கிறது: மென்மையான அலுமினியத் தகடு எளிதில் ஒடுங்கும். ஆனால் அந்த மென்மை எதற்காக வேண்டியிருந்தது என்று இப்பார்வை கேட்பதில்லை.

இரண்டாவது, பாடநூல் பார்வை. அலுமினியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம், எஃகுக்கு 7.85. மூன்றில் ஒரு பங்கு எடை என்பதால் விமானம், கார், பானக் குவளை என்று அதன் பயன்பாடுகளை அடுக்கிக்கொண்டு போவார்கள். 1994இல் வந்த ஆடி ஏ8 காரின் உடலும் 2015ஆம் ஆண்டின் ஃபோர்ட் எஃப்-150 டிரக்கின் உடலும் வழக்கமான எடுத்துக்காட்டுகள். எடைக்கேற்ற வலிமை என்ற ஒற்றை அளவுகோலை வைத்து உலோகத் தேர்வை விளக்கிவிடலாம் என்ற எண்ணம் இப்பார்வையில் உள்ளது.

தோட்டத்து வாளிக்கு இரண்டுமே போதாது என்பது என் கருத்து. முதல் பார்வை மென்மையைக் குறையாக மட்டும் காண்கிறது. இரண்டாவது, தகட்டின் வலிமையும் பாத்திரத்தின் வலிமையும் ஒன்றே என்று எடுத்துக்கொள்கிறது.

3. ரப்பர் பொறுக்காத உலோகங்கள்

தேர்வு வேதியியலிலிருந்து தொடங்குகிறது. செம்பும் மாங்கனீசும் ரப்பரின் எதிரிகள். அவற்றின் அயனிகள் ரப்பர் மூலக்கூறுச் சங்கிலியை ஆக்சிஜன் வெட்டும் வேகத்தைக் கூட்டுகின்றன. ரப்பர் பிசுபிசுத்து இளகிப் பயனற்றுப் போகிறது. இதனால்தான் தொழில்நுட்பத் தரப்படி விற்கப்படும் இயற்கை ரப்பருக்கான விவரக்குறிப்புகள் செம்புக்குப் பத்து லட்சத்தில் 8 பங்கு, மாங்கனீசுக்கு 10 பங்கு என்ற உச்சவரம்புகளை விதித்தன. மலாயா ரப்பர் ஆய்வுக் கழகம் 1925இல் நிறுவப்பட்டது. தரப்படுத்திய மலேசிய ரப்பர் திட்டம் 1965இல் வந்தது. உச்சவரம்பு எண்களாக அச்சேறுவதற்கு வெகுகாலம் முன்பே, பால் படும் இடத்தில் செம்பும் பித்தளையும் கூடாது என்பது ஸ்டோரின் எழுதாச் சட்டமாகிவிட்டது.

இதன் பொருளைத் தமிழர் வீட்டுக்குள்ளிருந்து பார்க்க வேண்டும். தண்ணீர்க் குடம் முதல் பூசைப் பாத்திரம் வரை நாம் உயர்வாக வைத்த உலோகங்கள் செம்பும் அதன் கலவைகளும்தான். அவற்றையே ரப்பர் பொறுக்கவில்லை. ஒரு கிலோ ரப்பரில் 8 மில்லிகிராம் செம்பு என்ற வரம்பை எட்ட ஏறத்தாழ 12 மில்லிகிராம் பித்தளை கரைந்தால் போதும். தேய்த்த பித்தளை விளிம்பில் அமிலம் பட்டால் அது பெரிய அளவே அல்ல.

இரும்புக்குக் குற்றம் வேறு. துரு ரப்பர் ஷீட்டில் கறையாகப் படியும். கறை பட்டால் தரம் இறங்கும். துத்தநாகம் பூசிய இரும்பு வாளி துருவைத் தள்ளிப்போடும். ஆனால் துத்தநாகம் அமிலத்தில் கரையும். அமோனியா சேர்த்த பாலில் அதன் அயனி பாலைத் தடிக்க வைக்கும். எனாமல் பூசிய இரும்பு நல்லதுதான், முதல் முறை கீழே விழும் வரை. பூச்சு பெயர்ந்த இடத்தில் மறுபடியும் துரு.

அலுமினியம் இந்த வரிசையில் தப்பிப்பது அதன் மேல் தானாகப் படியும் மெல்லிய ஆக்சைடுப் படலத்தால். அமில கார அளவு 4க்கும் 8.5க்கும் இடையில் இருக்கும்வரை அப்படலம் நிலைக்கும். மரத்திலிருந்து இறங்கும் பால் 6.5 முதல் 7 வரை இருக்கும். ஃபார்மிக் அமிலம் விட்டு உறைய வைக்கும்போது 5ஐ ஒட்டி இறங்கும். வெட்டும் இடத்திலேயே உறைந்துவிடாமலிருக்க அமோனியாவைச் சிறிதளவு சேர்த்தால் 8ஐ நோக்கி ஏறும். மூன்றும் அலுமினியம் தாக்குப்பிடிக்கும் எல்லைக்குள் அடங்குகின்றன. பாலின் வேதியியலும் இந்த உலோகத்தின் வேதியியலும் இவ்வளவு நெருக்கமாகப் பொருந்தியதே தேர்வின் முதற்காரணம் என்று கொள்கிறேன். இதற்கு விலக்குகளும் உண்டு. கரிம அமிலங்களில் அலுமினியத்தைக் கடுமையாகத் தாக்குவது ஃபார்மிக் அமிலம்தான். நீர் கலக்காத அமிலம் தட்டில் சிந்தினால் படலத்தை அரிக்கும். அசெட்டிக் அமிலம் அதைவிடச் சாது.

எந்த அலுமினியம் என்ற கேள்வியையும் இதே அளவுகோலால் எடைபோடலாம். 99 விழுக்காடு தூய்மையான 1100 வகையில் செம்பு 0.05 முதல் 0.20 விழுக்காடு வரை. பாத்திரத் தொழிலுக்கு ஏற்ற 3003 கலவையில் அதே அளவு செம்பும் 1.0 முதல் 1.5 விழுக்காடு மாங்கனீசும் உண்டு. மாங்கனீசு ரப்பருக்கு ஆகாதென்றால் 3003ஐயும் தள்ள வேண்டாமா? கணக்கிட்டால் விடை கிடைக்கும். ஒரு கிலோ ரப்பரில் மாங்கனீசு வரம்பான 10 மில்லிகிராமை எட்ட 3003 தகட்டில் கிராமில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் கரைய வேண்டும். அந்த வேகத்தில் கரைந்தால் தட்டே சில ஆண்டுகளில் ஓட்டையாகிவிடும். ஆகவே 3003 ஆபத்தற்றது.

விமானக் கலவைகளுக்கும் இதே கணக்கைப் போட்டால் எதிர்பாராத விடை வருகிறது. 4 விழுக்காடு செம்புள்ள டியூராலுமின் வகையில் வரம்பை எட்ட 200 மில்லிகிராம் கரைய வேண்டும். பித்தளையோடு ஒப்பிட்டால் அதுவும் பதினாறு மடங்குக்கு மேல். செம்பு இருப்பதால் அக்கலவை ரப்பரைக் கெடுக்கும் என்று எளிதாகச் சொல்லிவிடுவது சரியல்ல. அதைத் தோட்டத்துக்கு வெளியே நிறுத்தியவை வேறு இரண்டு காரணங்கள்: செம்பு சேர்ந்த அலுமினியத்தின் அரிப்புத் தாங்கும் திறன் தாழ்ந்தது, அதில் குழிக்குழியாக அரிப்பு இறங்கும், அத்துடன் அது வடிவத்துக்குப் பணிவதும் கடினம்.

4. எடைக் கணக்கு

30 சென்டிமீட்டர் விட்டமும் அதே உயரமும் கொண்ட வாளி ஏறத்தாழ 21 லிட்டர் பிடிக்கும். அதன் சுவரும் அடியும் சேர்ந்து 0.35 சதுர மீட்டர் தகடு. 0.6 மில்லிமீட்டர் எஃகில் செய்தால் 1.66 கிலோ, 1 மில்லிமீட்டர் அலுமினியத்தில் செய்தால் 0.95 கிலோ. வாளிக்கு 700 கிராம், காண்டாக் கம்பின் இரு முனைக்கும் சேர்த்து ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு மிச்சம்.

ஆனால் நிறைந்த இரண்டு வாளிகளில் பாலின் எடையே 40 கிலோ. தோளில் ஏறும் மொத்தத்தில் அலுமினியத்தால் குறைவது நூற்றுக்கு மூன்று நான்கு பங்குதான். இலேசான உலோகம் பால் வெட்டியவரின் சுமையை இறக்கியது என்று எழுதுவது தொழிலாளருக்கு நியாயம் செய்வதாகாது. அவர் மேட்டிலும் பள்ளத்திலும், நிரை நிரையாகச் சுமந்தது பாலைத்தான். உலோகம் எதுவாக இருந்தாலும் அந்தச் சுமை குறையவில்லை.

தடுப்புத் தகட்டுக்கு இந்தக் கணக்கு மாறுகிறது. தொட்டியில் ஒன்றரை அங்குல இடைவெளியில் தகடுகளைச் செருகி இடைவெளிகளில் பாலை உறைய வைப்பார்கள். உறைந்தபின் தகடுகளை உருவினால் பால்கட்டிகள் பலகை பலகையாக நிற்கும், அவை உருளைக்குப் போகும். நான்கடி நீளமும் பதினாறு அங்குல உயரமும் 2 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள ஓர் அலுமினியத் தகடு 2.7 கிலோ. அதே விறைப்பை எஃகில் பெற 1.4 மில்லிமீட்டர் போதும். ஏனெனில் எஃகின் மீள்மைக் கெழு அலுமினியத்தைப் போல மூன்று மடங்கு, தகட்டின் விறைப்போ தடிப்பின் மும்மடிக்கு ஏற்ப மாறும். அந்த எஃகுத் தகடு 5.4 கிலோ. ஒரு தொட்டிக்கு ஐம்பது தகடுகள் என்று வைத்தாலும் அன்றாடம் தூக்கிச் செருகும் எடை 270 கிலோவிலிருந்து 135 கிலோவுக்கு இறங்குகிறது. தூக்குவது ஈரமான, அமிலம் படிந்த, கையில் வழுக்கும் தகடு. இலேசு என்ற குணம் மெய்யாகவே உதவிய இடம் ஸ்டோர். காண்டாக் கம்பு அன்று.

5. வடிவத்தை ஏற்கும் திறன்

இனி, இக்கட்டுரையின் மையத்துக்கு வருவோம். ஒரு தகடு கிழியாமலும் சுருக்கம் விழாமலும் வேண்டிய வடிவத்தை ஏற்கும் திறனை வடிவேற்புத் திறன் என்போம். அது ஒற்றைக் குணமல்ல. இதை அளக்கப் பல சோதனைகள் இருப்பதே அதற்குச் சான்று.

எரிக்சன் சோதனையில் தகட்டின் விளிம்பை இறுக்கிப் பிடித்து நடுவில் ஒரு குண்டை அழுத்துவார்கள். கிழியும் வரை எத்தனை மில்லிமீட்டர் குழிகிறது என்பதே அளவு. விளிம்பிலிருந்து உலோகம் உள்ளே வர முடியாததால் தகடு மெலிந்துதான் நீள வேண்டும். வாளி செய்வது அப்படியன்று. வட்டத் தகட்டைப் புற அச்சின்மேல் வைத்து உள்ளச்சு அதை உள்ளே தள்ளும். விளிம்பு சுருங்கிக்கொண்டே உள்ளே வரும். இதற்குப் பெயர் ஆழ இழுப்பு. முதலாவதில் நன்றாகத் தேறும் தகடு இரண்டாவதில் தேறும் என்ற உறுதி இல்லை. 1960களில் கீலரும் குட்வினும் வகுத்த வடிவேற்பு எல்லை வரைபடம் இவ்விரு நிலைகளையும் இடைப்பட்டவற்றையும் ஒரே தாளில் கொண்டுவந்தது. தகட்டின் மேல் சிறு வட்டங்களைப் பொறித்து, அச்சில் அழுத்திய பின் அவை எவ்வாறு நீள்வட்டமாகின்றன என்று பார்ப்பது அதன் அடிப்படை. கார்த் தொழிலில் இன்றும் இதுவே அன்றாடக் கருவி.

ஆழ இழுப்பில் தீர்மானிக்கும் குணம் ஒன்றுண்டு. தகட்டிலிருந்து ஒரு பட்டையை வெட்டி இழுத்தால் அது அகலத்திலும் குறுகும், தடிப்பிலும் குறையும். அகலம் குறையும் விகிதத்தைத் தடிப்பு குறையும் விகிதத்தால் வகுத்தால் வருவதே அந்த எண். ஆழ இழுப்புக்கென்று செய்த எஃகுக்கு அது 1.5க்கு மேல், அலுமினியத் தகட்டுக்குப் பெரும்பாலும் 0.6 முதல் 0.8 வரை. அதாவது அலுமினியம் அகலத்தைக் கொடுப்பதைவிடத் தடிப்பை எளிதில் விட்டுக்கொடுக்கிறது. சுவர் மெலிந்து அடிமூலையில் கிழியும் அபாயம் அதற்கு அதிகம். பாத்திரத்துக்கு மிகவும் இணக்கமானது என்று பெயர் வாங்கிய உலோகம் இந்த அளவில் எஃகுக்குப் பின்தங்கியே நிற்கிறது.

நம் வாளிக்கு இது என்ன செய்கிறது? தடிப்பு மாறாது என்று கொண்டால், 30 சென்டிமீட்டர் விட்டமும் 30 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட வாளிக்கு 67 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத் தகடு வேண்டும். வட்டத்துக்கும் வாளிக்கும் உள்ள விகிதம் 2.24. மென்பதத்தில் உள்ள அலுமினியம் ஒரே இழுப்பில் தாங்கும் விகிதம் 2ஐ ஒட்டித்தான். ஆகவே ஒரே அழுத்தில் இந்த வாளி பிறக்காது. இரண்டு இழுப்பாகச் செய்யலாம். கடைசலில் தகட்டைச் சுழலவிட்டு மர அச்சின்மேல் படிப்படியாக அழுத்திப் படிய வைக்கலாம். அல்லது சுவரைத் தனியே சுருட்டி, மூட்டுப் போட்டு, அடியை மடித்துச் சேர்க்கலாம். கடைசி வழி மலிவு. ஆனால் மூட்டு இடுக்கில் பால் தங்கும், உறையும், அழுகும். அடுத்த நாள் பாலையும் அது உறைய வைக்கும். மூட்டில்லாத வாளிக்குத் தோட்டம் தந்த மதிப்பின் காரணம் இங்கே இருக்கிறது. உறைதட்டுக்கும் இதே நியாயம்: மூலைகளை மடித்துச் செய்த தட்டைவிட, வளைவான மூலைகளோடு ஒரே தகட்டிலிருந்து அழுத்திச் செய்த தட்டில் பால்கட்டி ஒட்டாமல் வரும், கழுவுவதும் எளிது.

அடுத்தது பதம், அதாவது தகட்டின் கடின நிலை. அலுமினியத்தை 350 பாகை செல்சியசை ஒட்டிச் சூடேற்றி ஆற்றினால் மென்பதம். 1100 வகை அப்பதத்தில் நிரந்தரமாக வளையத் தொடங்குவது 35 மெகாபாஸ்கலில். அறுவதற்கு முன் 35 விழுக்காடு நீளும். குளிர்நிலையில் உருட்டி அரைக்கடினப் பதத்துக்குக் கொண்டுவந்தால் வளைவு எல்லை 115ஐ எட்டும். நீட்சி 9க்கு இறங்கிவிடும். வலுவான தகடு வாளியாகாது. வாளியாகும் தகடு வலுவற்றது. வீட்டுப் பார்வை அலுமினியத்தின் மேல் சுமத்தும் குறை பிறக்கும் இடம் இதுதான்.

உலோகம் உருமாறும்போதே இறுகும் என்பதால் இந்த முரண் ஓரளவு தானாகத் தீர்கிறது. மென்பதத் தகடு விளிம்பிலிருந்து உள்ளே இழுபடும் வழியில் இறுகிக்கொண்டே வருகிறது. கணக்கு இதோ. முடிந்த வாளியின் வாய் விளிம்பு, தொடக்க வட்டத்தின் 67 சென்டிமீட்டர் விட்டத்திலிருந்து 30க்குச் சுருங்கியது. இந்தச் சுருக்கத்தை அளக்கும் மடக்கைத் திரிபு 0.80. சுவரின் நடு உயரம் 52லிருந்து 30க்குச் சுருங்கியது; திரிபு 0.55. அடியிலிருந்து மூன்று சென்டிமீட்டர் மேலே 0.17. அடித்தட்டில் மிகச் சொற்பம். உருட்டாலையில் அரைக்கடினப் பதத்துக்குத் தேவைப்படும் திரிபு ஏறத்தாழ அரை. எனவே இந்த வாளியின் நடுச்சுவர் அரைக்கடினப் பதம். வாய் விளிம்பு அதற்கும் மேல். அடித்தட்டோ ஆலையிலிருந்து வந்த அதே மென்பதம்.

ஒடுங்காமல் தாங்கும் திறன் வளைவு எல்லையையும் தடிப்பின் இருமடியையும் பெருக்கியதற்கு ஏற்ப அமையும். 0.6 மில்லிமீட்டர் மென்எஃகின் வளைவு எல்லையை 200 மெகாபாஸ்கல் என்று கொண்டால் பெருக்கம் 72. ஒரு மில்லிமீட்டர் அலுமினிய வாளியின் நடுச்சுவருக்கு 115, அடித்தட்டுக்கு 35. ஒரே பாத்திரம் சுவரில் எஃகு வாளியை வென்று அடியில் பாதிக்குப் பாதி தோற்கிறது. கல்லின்மேல் வைத்த வாளியின் அடி குழிவதும் சுவர் நேராகவே நிற்பதும் இதன் விளைவு. அடியில் வட்டமாக ஒரு படியை அழுத்திவிடுவதும், அடியை உட்குழிவாக்குவதும், வாய் விளிம்பைக் கம்பியின்மேல் சுருட்டுவதும் அழகுக்குச் செய்தவை அல்ல. தகட்டின் பதம் தராத விறைப்பை வடிவத்தால் மீட்கும் வழிகள் அவை.

இதிலிருந்து நான் பெறும் முடிவு பாடநூல் பார்வையோடு மோதுகிறது. தகட்டின் சான்றிதழில் உள்ள எண் பாத்திரத்தின் எண்ணாகாது. பாத்திரத்தின் வலிமை இடத்துக்கு இடம் மாறுகிறது. அதைப் பங்கிட்டுக் கொடுப்பது செய்முறை. ஒரே ஸ்டோரில் தடுப்புத் தகட்டுக்கு அரைக்கடினப் பதமும் வாளிக்கும் உறைதட்டுக்கும் மென்பதமும் பொருந்துவது அதனால்தான். தடுப்புத் தகடு வளையாமல் தட்டையாக நிற்க வேண்டும். அது நெளிந்தால் பால்கட்டியின் தடிப்பு மாறும். தடிப்பு மாறினால் புகைக் கூண்டில் ஷீட் சீராகக் காயாது. நடுவில் வெள்ளை தங்கிய ஷீட்டின் தரம் இறங்கும். வேலையின் முதல் நிமிடத்தில் தொட்டியில் செருகிய உலோகத்தின் தட்டைத்தன்மை, சில நாள் கழித்து ஷீட்டின் விலையில் தெரியும்.

செய்முறையின் குறைகள் இரண்டைக் குறிப்பிட வேண்டும். உருட்டிய திசையின் நினைவு தகட்டில் தங்குவதால் இழுத்த வாளியின் வாய் நேராக வராது, நான்கு இடங்களில் காது போல எழும். அதை வெட்டித்தான் விளிம்பைச் சுருட்ட வேண்டும், வெட்டியது சேதாரம். மற்றது இதைவிட முக்கியம். பதமாக்கும் சூடு மிஞ்சினால் உலோக மணிகள் பெருத்துவிடும். இழுக்கும்போது மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல் போலச் சொரசொரக்கும். வீட்டுக் குண்டானுக்கு அது பார்வைக் குறை. பால் வாளிக்கோ சொரசொரப்பில் ஒட்டிய பால் நாளை நொதிக்கும் விதை.

6. வலிமையான கலவைகள்

மலாயாவின் ரப்பர் மோகம் 1910இல் உச்சத்தைத் தொட்டது. அதே ஆண்டுகளில்தான் ஜெர்மனியில் ஆல்ஃபிரட் வில்ம், செம்பு கலந்த அலுமினியத்தைச் சூட்டிலிருந்து நீரில் தோய்த்து எடுத்தபின் அது சில நாளில் தானாகவே இறுகுவதை 1906இல் கண்டறிந்தார். டியூராலுமின் பிறந்தது. அதன் வழிவந்த 2024 கலவையின் வளைவு எல்லை 345 மெகாபாஸ்கலை எட்டும். அரிப்பு என்ற குறையைத் தீர்க்க 1927இல் ஆல்கோவா நிறுவனம் வலுவான நடுத்தகட்டின் இருபுறமும் தூய அலுமினியத் தோலைப் பிணைத்தது. விமானத்துக்குக்கூடத் தூய அலுமினியமே மேல்தோலாக வேண்டியிருந்தது என்பது நம் மூன்றாம் பகுதியின் வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது. இந்தத் தகட்டில் வாளி இழுத்தால் அது கிழியும். மென்பதமாக்கி இழுத்தால் மறுபடி முழு வெப்பப் பதனம் செய்தாக வேண்டும், அதில் வடிவம் கோணும். தோட்டத்து விலைக்கு அது கட்டுப்படியாகாது.

மெக்னீசியம் 2.5 விழுக்காடு சேர்ந்த 5052 நியாயமான மாற்று. மென்பதத்திலேயே 90 மெகாபாஸ்கல், நல்ல அரிப்புத் தாங்கல், செம்பு சொற்பம். எடுத்துக்கொண்ட கணக்கில் அடித்தட்டின் பெருக்கம் 35லிருந்து 90க்கு ஏறி எஃகைத் தாண்டும். ஆனால் இக்கலவை வேகமாக இறுகும், அச்சுக்கு அழுத்தம் கூடுதல் வேண்டும், கடைசலில் கையால் படிய வைப்பது கடினம். இழுக்கும்போது மேற்பரப்பில் வரிவரியாகக் கோடு விழும் குணமும் அதற்குண்டு. மெக்னீசியத்தையே அடிப்படையாகக் கொண்ட ஏஇசட்31 தகடு அலுமினியத்தைவிட இலேசானது. அறைவெப்பத்தில் அதன் அறுகோணப் படிக அடுக்குகள் நழுவுவதற்குப் போதிய வழிகள் இல்லாததால், 200 பாகைக்கு மேல் சூடேற்றாமல் அதை ஆழ இழுக்க முடியாது. பாலின் ஈரத்தில் அது அரிபட்டும் போகும்.

லாபுவின் எல்லைக்குள் எழுந்த என்ஸ்டெக் நகரத்துக்கு அருகே 1998இல் கோலாலம்பூர் பன்னாட்டு விமான நிலையம் திறக்கப்பட்டது. தோட்டம் ஏற்காத கலவைகள் அன்றிலிருந்து தோட்டத்தின் மேலே பறக்கின்றன. இரண்டு தேர்வுகளும் தத்தம் வேலைக்குச் சரியானவை.

7. சென்னையில் ஒரு தொடக்கம்

அலுமினியப் பாத்திரத் தொழிலுக்குத் தமிழகத்தில் ஒரு முன்கதை உண்டு. தென்கிழக்காசியத் தோட்டங்களைப் பற்றிய எழுத்துகளில் அது பேசப்படுவதில்லை. சென்னை கலைப்பள்ளியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1898இல் அலுமினியப் பாத்திரம் செய்யும் வேலையைத் தொடங்கினார். 1903இல் அத்துறை தனியார் நிறுவனமான இந்தியன் அலுமினியம் கம்பெனிக்கு மாற்றப்பட்டது. இந்தியாவில் அலுமினியத்தை உருக்கி எடுக்கும் ஆலை அப்போது கிடையாது. ஆலுவாவில் உருக்குதல் 1943இல்தான் தொடங்கியது. கடல் தாண்டி வந்த தகட்டைக் கொண்டு ஒரு தொழில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. மேட்டூரில் மெட்ராஸ் அலுமினியம் நிறுவனம் 1960களில் வந்தது. சேர்வராயன் மலையின் பாக்சைட் அதற்கு மூலப்பொருள். மலேசியாவில் 1960இல் நிறுவப்பட்ட அல்கோம் நிறுவனம் பின்னர் கிள்ளான் புக்கிட் ராஜாவில் தகடு உருட்டியது.

இந்த வரலாற்றிலிருந்து நம் கேள்விக்கு ஒரு வெளிச்சம் கிடைக்கிறது. தூய அலுமினியத் தகட்டைக் கடைசலும் சுத்தியலும் உள்ள சிறுபட்டறை கையாள முடியும். பித்தளையைத் தட்டி, சூடேற்றி, மறுபடி தட்டிப் பழகிய கைகளுக்கு, உருமாறும்போது இறுகும் குணமும் சூட்டால் அதை இளக்கும் முறையும் புதியவை அல்ல. பெரும் அழுத்த இயந்திரங்களைக் கேட்கும் கலவைகளுக்கு இந்த வாய்ப்பு இருந்திருக்காது.

8. தேய்மானமும் ஒரு சோதனையும்

பாத்திரத்தை நாளும் கழுவியது சாம்பலும் தேங்காய் நாரும். விறகுச் சாம்பல் நல்ல காரம். நீரில் கரைந்தால் அதன் அமில கார அளவு 10ஐத் தாண்டும். ஆக்சைடுப் படலம் நிலைக்கும் எல்லையை அது மீறுவதால் ஒவ்வொரு தேய்ப்பும் படலத்தைக் கரைத்து, பளபளப்பைத் தந்து, கொஞ்சம் உலோகத்தையும் எடுத்துக்கொண்டு போகும். ஒடுங்காமை தடிப்பின் இருமடியைச் சார்ந்தது; ஒரு மில்லிமீட்டர் அடித்தட்டு 0.8க்குத் தேய்ந்தால் ஏற்கெனவே குறைவான 35, 22 ஆகிவிடும். வாளியின் இன்னொரு பலவீனம் கைப்பிடியின் காது. அதை எஃகு ஆணியால் தைத்தால் ஈரத்தில் இரண்டு உலோகங்களும் மின்கலமாகி அலுமினியம் அரிபடும். செம்பாணியால் தைத்தால் அரிப்பு இன்னும் வேகம், பாலுக்கும் கேடு. அலுமினிய ஆணியே சரி. சட்டியை ஒக்கிடும் பட்டறையில் கையில் கிடைத்த ஆணியை அடித்துக் கொடுத்தால், தேர்ந்தெடுத்த உலோகத்தின் பயன் அந்த ஒரு துளையில் வீணாகும்.

ஐந்தாம் பகுதியின் வாதத்தைச் சோதித்துப் பார்க்க முடியும். பழைய வாளிகள் வீடுகளிலும் பள்ளிக் காட்சியறைகளிலும் கிடைக்கின்றன. பாலிடெக்னிக் ஒன்றின் கடினமானி போதும். 1100 வகையின் பிரினெல் கடினம் மென்பதத்தில் 23, அரைக்கடினப் பதத்தில் 32, முழுக்கடினத்தில் 44. இரண்டு இழுப்புகளுக்கு இடையில் மறுபடி சூடேற்றாமல் செய்த வாளியானால் அடித்தட்டு 25ஐ ஒட்டியும், நடுச்சுவர் 32ஐ ஒட்டியும், வாய் விளிம்பு அதற்கு மேலும் காட்ட வேண்டும். இடையில் சூடேற்றியிருந்தால் இந்த ஏற்றம் குறைந்திருக்கும். அடி முதல் வாய் வரை ஒரே எண் வந்தால் அந்த வாளி இழுத்துச் செய்ததல்ல, சுருட்டி மூட்டியது. அப்போது மூட்டை எங்கே மறைத்திருக்கிறார்கள் என்று தேட வேண்டும்.